வாசற்படியில் பாரநீர்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து என்னிடம் ஒரு பகிடிக் கதை இருந்தது. கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதிவிட்டுத் திரும்பும்போது பின்வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டால் அந்தக் கதையை எடுப்பேன். "என்ர அம்மா ஒரு போத்தல் பாரநீரைத் தீர்த்தமெண்டு நினைச்சு வாசற்படியில தெளிச்சு முடிச்சவ" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். பாரநீர் என்றால் என்ன ரீச்சர் என்று யாராவது கேட்பார்கள். தண்ணீரில் இருக்கிற ஐதரசனுக்குப் பதிலாக அதைவிடப் பாரமான அதன் கூடப்பிறப்பு சேர்ந்த தண்ணீர், கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது என்று சொல்லி, நித்திரை கலைந்த வகுப்பை அப்படியே பாடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம். அம்மா அடுத்த அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். பிளாட் வீடு, சுவர்கள் மெல்லியவை, என் குரலோ மைக் தேவையில்லாத குரல். அவருக்கும் எல்லாம் கேட்கும்.

இப்போது நான் அந்தக் கதையைச் சொல்வதில்லை.

அது கொட்டாஞ்சேனையில் நடந்தது. அங்கே எங்கள் வீடு ஒரு வரிசை வீடுகளில் கடைசி. ஒரே கூரை, ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். பின்னால் துறைமுகக் களஞ்சியம் ஒன்றின் உயரமான மதில், முன்னால் ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒழுங்கை. எங்களுக்கு மற்றப் பக்கத்தில் பங்குச் சுவாமியாரின் மிசன் வீடு. அப்பா துறைமுகத்தில் கிளாக்காக இருந்து, நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நெஞ்சு வலியில் போய்விட்டார். மிச்சம் அம்மா, நான், தம்பி. தம்பி ஐந்துலாம்புச் சந்திப் பக்கம் ரேடியோ திருத்தும் கடையொன்றில் வேலை செய்தான். கெட்டிக்காரன், ஆனால் மறதி என்றால் அப்படியொரு மறதி. குடையை பஸ்ஸில் விடுவான், சாப்பாட்டுப் பார்சலைக் கடையில் விடுவான், அடையாள அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவான். அந்த யுத்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பொடியன் எதை மறந்தாலும் அதை மறக்கக் கூடாது. நான் அவனை ஏசாத நாளில்லை. "விடக்கா, உன்ர சத்தத்துக்கு ஆமிக்காரனே ஓடிடுவான்" என்று சொல்லிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவான்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஒரு பரிமாணக் காந்தங்கள் என்பது என் விசயம். செப்பு அணு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னஞ்சிறு காந்தம் இருக்கிறது. அதை ஸ்பின் என்போம். சில பளிங்குகளில் இந்த அணுக்கள் சங்கிலி போல ஒற்றை வரிசையாக நின்றுவிடும். ஒவ்வொன்றும் தன் இடப் பக்கத்தானையும் வலப் பக்கத்தானையும் மட்டும் பார்த்து, அவனுக்கு எதிராகத் திரும்பி நிற்கப் பார்க்கும். ஒன்று மேலே, மற்றது கீழே, அடுத்தது மேலே. சாதாரண காந்தத்தில் ஒரு அணுவுக்கு எல்லாத் திசையிலும் அயலவர்கள் இருக்கிறார்கள், ஒன்று பிசகினால் மற்றவை பிடித்து நிறுத்தும். ஒற்றைச் சங்கிலியில் அப்படிப் பிடித்து நிறுத்த ஆளில்லை. கொஞ்சச் சூடு போதும், ஓரிடத்தில் பிசகி, அங்கிருந்து முழு வரிசையும் மாறிப்போகும். அதனால் தனிச் சங்கிலியில் ஒழுங்கு நிலைப்பதில்லை; பக்கத்துச் சங்கிலிகள் கொஞ்சமாவது கைகொடுத்தால்தான் உண்டு.

ஆனால் அந்தச் சங்கிலி வழியே சேதி போகும். ஒரு முனையில் ஒரு ஸ்பின்னைத் திருப்பினால் அந்தத் திருப்பம் கைமாறிக் கைமாறி மறுமுனைவரை ஓடும். அணுக்கள் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. என் பேராசிரியர் களனிப் பக்கத்துச் சிங்களவர், பொறுமைசாலி. இதை விளங்கப்படுத்த மேசையில் தீக்குச்சிகளை வரிசையாக அடுக்குவார். பிறகு நடுவிலிருந்து ஒரு குச்சியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, இப்போது என்ன நடக்கும் என்று கேட்பார். சேதி அந்த இடத்தோடு நின்றுவிடும், ஒரு பரிமாணத்தில் சுற்றிப்போக வழியில்லை என்று நான் சொல்வேன். சரி என்று தலையாட்டுவார். எனக்கு அது ஒரு பரீட்சைக் கேள்வி, அவ்வளவுதான்.

தம்பி பிடிபட்ட நாளன்று காலையில் அவன் வேலை விசயமாகக் கிருலப்பனைக்குப் போனான். வழியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கியிருக்கிறார்கள். அட்டை இல்லாதவர்களை லொறியில் ஏற்றினார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பின்னேரம் திடீரென்று ஊரடங்கு போட்டார்கள். அவன் கடையிலேயே தங்கிவிட்டான் என்று நாங்கள் எங்களைத் தேற்றிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வரிசையின் மறுகோடி வீட்டில் ஒரு முஸ்லிம் தையற்காரர் இருந்தார். அவரையும் தம்பியைக் கொண்டுபோன அதே பொலிஸ் முற்றத்தில் இருத்திவைத்துப் பின்னேரம் விட்டிருக்கிறார்கள். வரும்போது தம்பி அவரிடம் சொல்லிவிட்டிருக்கிறான்: "அக்காட்டச் சொல்லுங்கோ, என்ர அடையாள அட்டை ரேடியோவுக்கு மேல கிடக்கு. இண்டைக்கே கொண்டுவந்து காட்டினா விடுவினமாம்." அவர் ஓட்டமும் நடையுமாக வந்து தன் வீட்டுக்குள் நுழையவும் ஊரடங்கு தொடங்கவும் சரியாக இருந்தது. ஒழுங்கையில் ஆமி நிற்கிறது, இனி ஒருவரும் வாசலுக்கு வர முடியாது.

ஆனால் எங்கள் வரிசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊரடங்கு நேரத்தில் எல்லாம் பின்வளவுச் சுவருக்கு மேலால்தான் போகும். உப்பு, தீப்பெட்டி, பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து, ஊர்ச் செய்தி, எல்லாம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு. ஒருவரும் தன் வீட்டைவிட்டு அசைவதில்லை. அப்படித்தான் தம்பியின் சேதியும் புறப்பட்டது. வீடு வீடாக வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் போதும், மிசன் வீட்டுச் சுவாமியாரிடம் ஊரடங்குப் பாஸும் காரும் இருந்தன. அட்டையைச் சுவருக்கு மேலால் கொடுத்திருப்பேன், அவர் கொண்டுபோய்க் காட்டியிருப்பார்.

எங்களுக்குப் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. அந்தக் குடும்பம் கனடாவுக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்தப் பூட்டிய வீட்டுக்கு அங்கால் இருந்த பெண் சுவரடியில் நின்று "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். நடுவில் ஒரு வீட்டு வெறுமை. பலத்துக் கத்த முடியாது, ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம். ஒரு சின்னக் கல்லை எடுத்து எங்கள் தகரக் கூரையில் எறிந்திருக்கிறாள். ஆமிக்காரன் ரோர்ச் வெளிச்சம் அடித்ததும் பயந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. அவளுக்கு இரண்டு வளர்ந்த பொடியன்கள் இருந்தார்கள்.

அந்தக் கல் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். நான் நிமிர்ந்தேன். "பூனை" என்று அம்மா சொல்லிவிட்டு அடுத்த மணியைப் பிடித்தார்.

காலையில் ஊரடங்கு எடுத்ததும் அவள் அழுதுகொண்டு ஓடிவந்தாள். ரேடியோவுக்கு மேலிருந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் அம்மாவும் பொலிசுக்கு ஓடினோம். வேறு இடத்துக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். எந்த இடம் என்று என் சிங்களத்தில் எத்தனை விதமாகக் கேட்கலாமோ அத்தனை விதமாகக் கேட்டேன். "தன்னே நே" என்றார் மேசையில் இருந்தவர், தெரியாதாம். பிறகு நாங்கள் ஏறாத படியில்லை. அவனைப் பற்றி இன்றுவரைக்கும் ஒரு சொல் வரவில்லை.

அம்மா அந்த "பூனை"யைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சின்னச் சத்தம் கேட்டாலும் எழும்பிப் போய்க் கதவைத் திறப்பார். மாங்காய் விழுந்தாலும் திறப்பார், காகம் கூரையில் இருந்தாலும் திறப்பார். என் ஆராய்ச்சியில் ஒன்று வரும். சங்கிலியில் ஒரு அணு இல்லாமல் போனால், வெட்டுவாயில் நிற்கிற அணு சில வேளை சோடியில்லாமல் தனித்துவிடும். சோடியோடு நிற்பவை அசையாத அற்பக் காந்தப் புலத்துக்கும் அது உடனே திரும்பும். குளிரக் குளிர இன்னும் வேகமாகத் திரும்பும். வரைபடத்தில் ஒரு கோடு மேலே எழும்புவதை வைத்து, உள்ளே எங்கோ சங்கிலி அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்போம். நான் அந்தக் கோட்டைக் கீறிக்கொண்டிருப்பேன், அம்மா கதவைத் திறந்துகொண்டிருப்பார்.

வெள்ளவத்தைக்கு மாறுவோம் என்று மன்றாடினேன். எனக்குப் படிப்பிக்கவும் வசதி, சொந்தக்காரரும் அங்கேதான். அசையவில்லை. "பிள்ளை வந்து இந்தக் கதவைத்தானே தட்டுவான்" என்றார். தீர்த்தம் தெளிப்பது அப்போதுதான் தொடங்கியது. யாரோ சொன்னார்களாம், பிரிந்து போனவன் மிதித்துப் போன படியில் புனிதத் தண்ணீர் காயாமல் இருந்தால் அவன் திரும்பி வருவான் என்று. யார் சொன்னது என்று கேட்டால் ஒரு பெயரும் வராது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலிலிருந்து ஒரு போத்தல். மடுத் திருத்தலத்துக்குப் போய்வந்தவர்களிடமிருந்து ஒன்று. பிறகு வேதம், மதம் ஒன்றும் பார்க்கவில்லை. ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலிலிருந்து ஒன்று, தையற்காரரின் மனைவி ஓதிக் கொடுத்தது ஒன்று, களனி விகாரையில் பிக்குமார் பிரித் ஓதிய தண்ணீர் ஒன்று. திரு இருதயப் படத்துக்குக் கீழே தட்டில் இந்தப் போத்தல்கள் எல்லாம் அடுக்காக நிற்கும். காலையும் மாலையும் படியில் தெளிப்பார். கொழும்பு வெயிலுக்கு அது நிற்குமா? அவர் திரும்பிச் சமைக்கக் குசினிக்குப் போக முன்னம் காய்ந்துவிடும். மறுபடி வந்து பார்ப்பார்.

இந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு வாசல் திறந்தது. பேராசிரியரின் சிநேகிதர் ஒருவர் வெளிநாட்டில் நியூத்திரன் கற்றையால் காந்தங்களைப் பரிசோதிக்கிற அணு உலை ஒன்றில் வேலை செய்தார். செப்புச் சல்பேற்றை, கடைக்காரர் மயில்துத்தம் என்று நிறுத்துத் தருகிறாரே அந்த நீலக் கட்டியை, நகமளவில், பிசகில்லாத ஒரு பளிங்காக வளர்த்துக் கொடுத்தால் கற்றையில் வைத்துப் பார்ப்பதாகவும், அது சரிவந்தால் என்னைத் தன்னிடம் கலாநிதிப் பட்டத்துக்கு எடுப்பதாகவும் சொன்னார். அந்தப் பளிங்கில் பாதிச் செப்பணுக்கள் சங்கிலியாகச் சேரும், மற்றப் பாதி தனித்தே நிற்கும். ஆனால் சாதாரண தண்ணீரில் வளர்க்க முடியாது. அதிலுள்ள ஐதரசன் நியூத்திரனைக் கண்டபாட்டுக்குச் சிதறடித்துப் படத்தைக் குழப்பும். பாரநீரில்தான் வளர்க்க வேண்டும். கொழும்புக்கு வந்தபோது ஒரு போத்தல் கொண்டுவந்து பேராசிரியர் கையில் கொடுத்தார்.

பல்கலைக்கழகம் அந்தக் காலத்தில் திறந்திருந்ததைவிடப் பூட்டியிருந்த நாட்கள்தான் அதிகம். ஆகவே போத்தலை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மேசையில் வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னேன்.

"அம்மா, இதைத் தொடப்படாது. மூடியைத் திறந்தாலே எங்கட காத்தில இருக்கிற ஈரம் சேர்ந்து பழுதாப் போயிடும். இது பாரத் தண்ணி. இப்பிடியொண்டு இந்த ஊரில வேறெங்கயும் கிடையாது."

அம்மா போத்தலைக் கையில் வாங்கி நிறுத்துப் பார்த்தார். "எல்லாத் தண்ணியும் மாதிரித்தானே கிடக்கு."

"பாத்தா அப்பிடித்தான். ஆனா பாரம் கூட."

"ம்" என்று திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

மயில்துத்தத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள தண்ணீர் போய் வெள்ளைத் தூளாகிவிடும். அந்தத் தூளில் பாரநீர் விட்டால் மறுபடி நீலம் வரும். பழைய தண்ணீர் கொஞ்சமும் மிஞ்சாமல் தூளைத் தயாரிக்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. எல்லாம் சரி என்று போத்தலை எடுக்கப் போனால் மேசையில் காணவில்லை. திரு இருதயப் படத்துக்குக் கீழே, மடுவுக்கும் களனிக்கும் நடுவில் நின்றது. அடியில் ஒரு விரற்கடை மிச்சம்.

வாசலுக்குப் போனேன். அம்மா படியில் குந்தியிருந்து ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தெளிக்கிற சின்னக் கிண்ணம். வாயைத் திறந்தால் என்ன வருமென்று எனக்கே பயமாக இருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தம்பிக்காக அழுதேனா தண்ணீருக்காக அழுதேனா என்று கேட்டால், அன்றைக்குத் தண்ணீருக்காகத்தான்.

மிஞ்சியதில் ஒரு பளிங்கு வளர்த்துப் பார்த்தேன். அரிசியளவில் வந்தது, உள்ளே மேகம் போட்டதுபோல் கலங்கல். பேராசிரியரிடம் போத்தல் உடைந்துவிட்டது என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. இன்னொரு போத்தலுக்கு எழுதினார், பதில் வரப் பிந்தியது, அதற்குள் அந்த இடத்துக்கு வேறு யாரோ போய்விட்டார்கள். நான் வெள்ளவத்தைக்குத் தனியே மாறி ரியூசன் ரீச்சரானேன். கெட்டுப்போன வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள், காசுக்கும் குறைவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருவராவது வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறேன் ரீச்சர் என்று இனிப்புப் பெட்டியோடு வந்து நிற்கும்போது அந்தப் போத்தல்தான் ஞாபகம் வரும். அதற்கு மருந்தாகத்தான் அந்தப் பகிடிக் கதையைக் கண்டுபிடித்தேன் போலிருக்கிறது. படிக்காத அம்மா, தீர்த்தம், பாரநீர். சொல்லச் சொல்ல வலி கொஞ்சம் குறையும்.

கொட்டாஞ்சேனை வரிசையை யாரோ வாங்கி இடித்தபோதுதான் அம்மா என்னிடம் வந்தார். வரும்போது பங்குச் சுவாமியாரிடம் வெள்ளவத்தை விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பிளாட்டில் நாலாம் மாடி. இங்கேயும் கதவடியில் தெளித்தார். கடற்காற்று கொட்டாஞ்சேனை வெயிலையும் விட மோசம், ஓட்டுத்தரையில் ஈரம் கண்ணிமைக்க முன்னம் காய்ந்துவிடும்.

கடைசிக் காலத்தில் படுக்கையோடுதான். ஒரு பின்னேரம் வகுப்பில் அந்தக் கதையைச் சொன்னேன், பிள்ளைகள் வழக்கம்போலச் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் அம்மாவுக்குப் பால் விடாத பிளேன் ரீ கொண்டுபோனேன். கரையோர ரயில் ஒன்று கடந்து போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, கோபமில்லாமல் சொன்னார்.

"நான் அதைத் தீர்த்தமெண்டு நினைக்கேல்லப் பிள்ளை."

நான் கோப்பையோடு கட்டிலடிக்குப் போனேன்.

"உன்ர படிப்புத் தண்ணியெண்டு தெரியும். நீதானே கையில தந்து சொன்னனி. எல்லாக் கோயில் தண்ணியும் தெளிச்சுப் பாத்திட்டன், ஒண்டும் படியில நிக்கேல்ல. இது பாரத் தண்ணியெண்டாய். பாரமெண்டா டக்கெண்டு காயாது, கொஞ்ச நேரம் கூட நிக்குமெண்டு நினைச்சன்."

"அப்ப ஏனம்மா இவ்வளவு காலமும் சொல்லேல்ல?"

"நீ சிரிச்சுச் சொல்லிக்கொண்டிருந்தாய். அண்டைக்குப் பூனையெண்டு சொன்னதும் நான். உன்ர வழியை அடைச்சதும் நான். எந்த வாயால சொல்ல?"

அவர் அந்தப் "பூனை"யை மறுபடி வாயில் எடுத்தது அன்றைக்கு மட்டும்தான். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தெரிந்துகொண்டே எடுத்தார் என்று ஒரு கணம் பழைய எரிச்சல் மூண்டது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தக் கணம் போனதும், படியில் குந்தியிருந்து ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முதுகுதான் கண்ணுக்குள் நின்றது. ஒழுங்கையைப் பார்க்கிறார் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"நிண்டதா பிள்ளை?" என்று கேட்டார். "எனக்குக் கொஞ்சம் கூட நிண்ட மாதிரித்தான் கிடந்தது. நீ படிச்சனி, சொல்லு."

பாரநீர் சாதாரண தண்ணீரைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஆவியாகும். அது உண்மை. ஒரு படியில் தெளித்த சில துளிகளில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்காது, அதுவும் உண்மை.

"ஓம் அம்மா, நிண்டது" என்றேன்.

"ம்" என்றார். பிறகு ரீயை வாங்கிக் குடித்தார்.